வலி என்ற சொல் பட்டியலில் இல்லை

அன்புள்ள கலை,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். கையால்தான் கேட்டாய். நான் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்று ஒவ்வொரு சைகையாக நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாய். "அந்த மூன்று நாளும் என் கையை ஏன் பிடித்துக்கொண்டாய்?" என்று. எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாதவன் போல, தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று காட்டிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். அன்றைக்கு நம் தெருவுக்கு லாரி வரும் நாளே இல்லை. காலிக் குடத்தோடு தெருமுனையில் நின்ற என்னை நீ மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அதுவும் எனக்குத் தெரியும்.

நாளை மறுநாள் உனக்கு ரயில். காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழியில் பாடம் நடத்தக் கற்றுக்கொள்ள, எனக்கு மொழி தெரியாத ஒரு வடக்கத்தி ஊருக்குப் போகிறாய். அதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும். என் கை அவ்வளவு நேரம் பேசாது. சாப்பிட்டாயா, எப்போது வருவாய், பஸ் கிடைத்ததா என்பது வரைக்கும்தான் அது ஓடும். அதனால்தான் எழுதுகிறேன். இதை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. நாளைக்கு உன் வகுப்புக்கு என்னைப் போல ஒரு அப்பன் வந்தால் அவனிடமும் கொடு.

உனக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, திருவொற்றியூர் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தோம். சரக்கு வண்டி காதைப் பிளக்கிற மாதிரி ஊதிக்கொண்டு போனது. கேட்டில் நின்ற குழந்தைகள் எல்லாம் அலறின. நீ என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாய். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் வண்டியைப் பார்த்தேன். அதற்கப்புறம் ஆறு மாதம் நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பிறகு பெரியாஸ்பத்திரி, காது பரிசோதனை, மார்பில் தொங்கவிடும் காது மெஷின் பெட்டி, அதிலிருந்து காதுக்குப் போகிற ஒயர். கடல்காற்றில் அந்த ஒயரின் முனை மாதம் ஒரு முறை பச்சை பூத்துவிடும். பஸ்ஸில் பசங்கள் உன்னை ரேடியோ என்று கூப்பிட்டார்கள். உனக்குக் கேட்காது, எனக்குக் கேட்டது.

நான்கு வயதில் ராயபுரத்தில் இருந்த அந்தப் பள்ளியில் உன்னைச் சேர்த்தோம். சேர்த்த அன்றே பெரிய டீச்சர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். பள்ளியையே நடத்தியவர் அவர்தான். மூளை என்ற சொல்லை என் பிள்ளையோடு சேர்த்து நான் கேட்டது அன்றுதான். "மூளைக்குச் சுலபமான வழி ஒண்ணு கிடைச்சா கஷ்டமான வழியில போகாது. கையை ஆட்டிப் பழகிட்டா, காதையும் வாயையும் அப்படியே விட்டுடும். முதல் ஆறேழு வருஷம்தான் அந்த வாசல் திறந்திருக்கும். வீட்டுல சைகை வேண்டாம். எதுவா இருந்தாலும் வாயால கேக்கட்டும். கேட்டாத்தான் குடுக்கணும்."

நான் ஐ.டி.ஐ. படித்தவன். எண்ணூர் நெடுஞ்சாலைத் தொழிற்சாலை ஒன்றில் இரும்படிக்கும் பட்டறையில் வேலை. உலையிலிருந்து எடுத்த துண்டின் நிறம் மாறுவதற்குள் அச்சில் வைக்கவில்லை என்றால் அது தேறாது என்று தினமும் பார்க்கிறவன். டீச்சர் சொன்னது அப்படியே என் மனதில் இறங்கிவிட்டது. உன் அம்மாதான் வெளியே வந்ததும் கேட்டாள். "அப்ப தண்ணி வோணும்னு கைய காட்னா கூட குடுக்கக் கூடாதா?" நான் சொன்னேன், "டீச்சர விட உனக்கு ரொம்ப தெரியுமா?"

உன் வகுப்பறை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. குதிரை லாடம் மாதிரி வளைத்துப் போட்ட பெஞ்சுகள். ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் மாட்டிய கேட்கும் கருவி, அத்தனைக்கும் ஒயர் டீச்சர் கையிலிருந்த மைக்குக்குப் போகும். பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி. மற்ற பள்ளிகளில் கையைக் கட்டு, வாயைப் பொத்து என்பார்கள். அங்கே கையைக் கட்டு, வாயைத் திற. நீங்கள் எல்லோரும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு, டீச்சரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மணி அடித்து வாசலுக்கு வந்த மறு நிமிஷம் அத்தனை கைகளும் பறக்கும். அதில் கல்மண்டபத்திலிருந்து வருகிற ஷகீலா உன்னைவிட ஐந்து வயது பெரியவள். உனக்குச் சைகை கற்றுத் தந்தது அவள்தான். நான் தூரத்தில் வருவதைப் பார்த்தால் இரண்டு பேரும் கையைப் பின்னால் ஒளித்துக்கொள்வீர்கள். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பயம் இருக்கிறது, பிள்ளை உருப்படும் என்று நினைத்தேன்.

உனக்கு ஏழு வயதானபோது பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வெளியூர்க்காரர்கள் சிலர் வாங்கிக் கொடுத்தார்கள். அதற்கென்று ஒரு அறையில் திரை போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மைக்கில் "பா" என்று சொன்னால் திரையில் பலூன் மேலே ஏறும். குரல் தடுமாறினால் கீழே இறங்கும். ஒரே சீராக இழுத்தால் உச்சிக்குப் போய் நட்சத்திரம் சிதறும். நீ அந்தப் பள்ளியிலேயே முதலாவதாக நட்சத்திரம் வாங்கியவள். பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உன் குரல் ஏற ஏற அந்தச் சிவப்புப் பலூன் ஏறியதைப் பார்த்து நான் அழுதேன். ஒரு வருஷம் முழுக்க அந்த மெஷினிலும் கண்ணாடியிலுமாக ஆறு சொற்கள் கற்றுக்கொண்டாய். பால், பந்து, பலூன், அம்மா, மாமா, மாம்பழம். உதட்டை மூடித் திறந்து சொல்லும் சொற்கள்தான் முதலில் வரும் என்று டீச்சர் சொன்னார். அந்த ஆறையும் ஒரு அட்டையில் எழுதி சுவரில் ஒட்டி வைத்தேன். உன் வயதுப் பிள்ளைகள் தெருவில் ஏன், எதற்கு, நேற்று, நாளைக்கு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். உனக்கு மொத்தம் ஆறு. அது எனக்குக் குறைவாகத் தெரியவில்லை. அந்தப் பலூன் என் கண்ணை மறைத்துவிட்டது.

எட்டாவது வயதில், அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் டீச்சர் சொன்னார். மெஷின் கொடுத்தவர்கள் பள்ளி திறந்ததும் பார்க்க வருகிறார்களாம். அவர்கள் முன்னால் பேசிக் காட்ட உன்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாராம். "லீவுல ஒரு நாள்கூட கை ஆடக் கூடாது. பத்து நாள் கட்டுப்பாடா இருங்க. கலையப் பார்த்துட்டு அவங்க இன்னும் நாலு மெஷின் குடுப்பாங்க." நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த விடுமுறையில்தான் உன் சித்திக்குத் தலைப்பிரசவம். அம்மா துணைக்கு நெட்டுக்குப்பத்துக்குப் போய்விட்டாள். மூன்று நாள் நான் லீவு போட்டுவிட்டு உன்னோடு இருந்தேன்.

முதல் நாள் காலை நீ இட்லியைத் தொடவில்லை. கண்ணாடி முன்னால் உட்கார வைத்தேன். நீ வயிற்றைத் தொட்டாய். பிறகு விரல்களை மடக்கி முறுக்கிக் காட்டினாய். அது எந்தச் சைகை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரியும். உன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தேன். "வாயால சொல்லு," என்றேன். நீ என் உதட்டைப் பார்த்தாய். மறுபடியும் கையை இழுத்தாய். நான் விடவில்லை. "கை கூடாது. வாயால."

நீ சொன்னாய் கலை. உன்னிடம் இருந்ததை எல்லாம் சொன்னாய். பால் என்றாய். நான் சிரித்தேன். பந்து என்றாய். பலூன், அம்மா, மாமா, மாம்பழம். ஆறையும் ஒன்றன் பின் ஒன்றாக, கண்ணில் தண்ணீர் வழிய, என் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாய். எந்தச் சொல்லைச் சொன்னால் அப்பா புரிந்துகொள்வார் என்று தேடியிருக்கிறாய். வலி என்ற சொல் அந்த அட்டையில் இல்லை. வயிறு என்ற சொல்லும் இல்லை. முதலில் பால் என்றாயே என்று நான் பாலைக் காய்ச்சிக் கொடுத்தேன். நீ அதை வாந்தி எடுத்தாய். அவசரமாகக் குடித்துவிட்டாய் என்று சட்டையை மாற்றினேன்.

இரண்டாம் நாள் நீ நிமிர்ந்து நடக்கவில்லை. குனிந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். பேச்சுப் பயிற்சிக்குப் பயந்து நடிக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். ஓமத்தண்ணீர் கொடுத்தேன். நாற்காலியில் உட்கார வைத்து, உன் இரண்டு கைகளையும் என் ஒரு கைக்குள் வைத்துக்கொண்டு, மறு கையால் அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தேன். நீ என் மணிக்கட்டைக் கடித்தாய். பல் பதிந்தது. நான் அப்போதும் விடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னா, கொயந்த இப்டி கத்துது?" என்றாள். "படிக்க டிமிக்கி குடுக்குதுக்கா," என்றேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் நீ அடங்கிவிட்டாய். அழுகை நின்றது. பாயில் ஒருக்களித்துப் படுத்தாய். கையை நான் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. அது உன் பக்கத்தில் சும்மா கிடந்தது. பலூன் என்று சொல் என்றேன். மெல்லிய குரலில், சுத்தமாகச் சொன்னாய். நான் கீழே டீக்கடைக்குப் போய், என் பெண் வழிக்கு வந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு டீ குடித்தேன். குடல்வால் வெடித்துவிட்டால் வலி கொஞ்ச நேரம் குறையும் என்று பிற்பாடு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார். நான் டீ குடித்தது அந்த நேரத்தில்தான்.

சாயங்காலம் உன் அம்மா வந்தாள். வாசலிலேயே பையைப் போட்டாள். "இன்னாய்யா, புள்ள இப்டி கீது?" உன் நெற்றியைத் தொட்டாள். வயிற்றில் கை வைத்தாள். நீ முனகக்கூட இல்லை. "வயிறு பலகையாட்டம் கீதுய்யா. நெருப்பா கொதிக்குது. நீ இன்னா பண்ணிகினு இருந்த? ஆட்டோ கூப்டு, போ."

ஆட்டோ தேரடியைத் தாண்டியதும் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டது. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள், ஒன்றின் பின்னால் ஒன்றாக நகராமல் நின்றன. நான் இறங்கி ஓடி ஓடி டிரைவர்களிடம் கும்பிட்டேன். ஒருவர் ஒதுங்கினால் அடுத்தவருக்கு ஒதுங்க இடமில்லை. திரும்பி வந்து பார்த்தபோது உன் அம்மா உன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். காது மெஷின் வீட்டிலேயே இருந்தது. அவள் அதை யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உன்னை உள்ளே எடுத்துப் போனார்கள். அறுவை செய்த டாக்டரம்மா வெளியே வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. "உயிருக்கு உத்தரவாதம் சொல்ல இன்னும் நாப்பத்தெட்டு மணி நேரம் போகணும். வயிறு முழுக்கச் சீழ். ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா சின்ன ஆபரேஷன். வலின்னு சொல்லியிருக்குமே குழந்தை?"

நான் சொன்னேன். "சொல்லல மேடம். அதுக்குப் பேச வராது."

நான் பொய் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னேன். அதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

நான்காவது நாள் நீ கண் விழித்து உட்கார்ந்தாய். ஷகீலாவை அவள் வாப்பா கூட்டிக்கொண்டு வந்தார். நீங்கள் இரண்டு பேரும் என்னை ஒரு முறை பார்த்தீர்கள். உன் அம்மா என்னிடம், "நீ வெளிய போய்யா," என்றாள். நான் போகாமல் தூண் ஓரம் நின்றேன். ஒரு கையில் குளுக்கோஸ் ஊசி ஏறியிருக்க, மறு கையால் நீ பேசினாய். நிறுத்தாமல் பேசினாய். எட்டு வருஷத்தில் நீ அவ்வளவு நேரம் எதையும் சொல்லி நான் பார்த்ததில்லை. ஷகீலாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. உன் அம்மா மருந்துச்சீட்டின் பின்பக்கத்தையும் பேனாவையும் அவளிடம் நீட்டினாள். அவள் எழுதினாள். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

"மூணு நாள் வலி. கலை சொன்னாள். திரும்பத் திரும்ப சொன்னாள். அப்பா கை பிடித்தார்."

உன் அம்மா படித்தாள். சீட்டை மடித்தாள். என்னிடம் வந்து என் சட்டைப் பையில் வைத்தாள். அதற்கப்புறம் பல மாதம் அவள் என்னோடு பேசியதெல்லாம் அரிசி தீர்ந்தது, கதவைச் சாத்து, இவ்வளவுதான்.

இப்போது உன் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். டீச்சர் சொன்னார் என்பது பாதிதான். மறு பாதி என்னுடையது. பஸ்ஸில் நீ கையை ஆட்டினால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஊமை என்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மெஷின் முன்னால் நீ பேசிக் காட்டி, வெளியூர்க்காரர்கள் கைதட்டி, என் பெண் பேசுகிறாள் என்று தெருவுக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காகத்தான் பிடித்தேன். உன் மூளையைக் காப்பாற்ற என்று வெளியே சொல்லிக்கொண்டேன்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். பட்டறையில் சம்மட்டி மெஷின் விழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. மேலே முப்பது அடி உயரத்தில் கிரேன் ஓட்டுகிறவர் தண்டையார்பேட்டை காதர் பாய். கீழே நின்று கையால் சொல்கிறவன் நான். ஏற்று, இறக்கு, இடது பக்கம், மெதுவாக, நிறுத்து. அன்றைக்குப் பழுத்த இரும்பைத் தூக்கிக்கொண்டு கிரேன் வருகிறது. இறக்கு என்று சொல்ல நான் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. என் கையை நானே பார்த்துக்கொண்டு நின்றேன். காதர் பாய் மணியை அடி அடி என்று அடித்தார். யாரோ என்னைத் தள்ளிவிட்டு, வேறொருவன் கை காட்டி இறக்கினான்.

பாய் கீழே இறங்கி வந்தார். "இன்னா நைனா, கைய தூக்கிகினு நின்னுட்ட? மேல நெருப்ப தொங்க வுட்டுகினு நான் இன்னா பண்றது?"

கேன்டீன் பின்னால் குந்திக்கொண்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டுச் சீட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார். "இருவது வருசமா அங்க உன் வாய்ல இருந்து ஒரு வார்த்த நான் கேட்டதில்ல. ஒரு நாளாச்சும் தப்பா புரிஞ்சிகினனா? உன் கைய நம்பி நான் ஆள் தல மேல இரும்ப எட்த்தாறேன். நீ உன் பொண்ணு கைய நம்பல."

இரண்டு மாதம் கழித்துப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பயிற்சிக்குப் போய்த் திரும்பிய வசந்தி டீச்சர், புதிதாகச் சேர்ந்தவர், பெரிய டீச்சரிடம் சண்டை போட்டு அந்தக் கூட்டத்தைக் கூட்டியிருந்தார். நீங்கள் உட்காரும் பெஞ்சுகளில் நாங்கள் உட்கார்ந்தோம். பலூன் மெஷினையே எடுத்து வந்து அதில் இரண்டு மூளைப் படங்களைக் காட்டினார் வசந்தி டீச்சர். "இது காது கேக்கிற ஒருத்தர் பேச்சைக் கேக்கும்போது எடுத்தது. இது காது கேக்காத ஒருத்தர் சைகையைப் பார்க்கும்போது எடுத்தது. இடது பக்கம் பாருங்க. கிட்டத்தட்ட அதே இடம்தான் வேலை செய்யுது. மூளைக்குத் தேவை மொழி. காது வழியா வந்தாலும் கண் வழியா வந்தாலும் வாங்கிக்கும். சைகை வந்தா பேச்சு கெட்டுப்போகும்ங்கறது தப்பு. எந்த மொழியும் இல்லாம சின்ன வயசு போயிடுச்சுன்னாதான் ஆபத்து."

பெரிய டீச்சர் எழுந்தார். "நாலு படத்தைக் காட்டி முப்பது வருஷ அனுபவத்தை அழிக்க முடியாது. இந்தப் பசங்க வெளியே போனா கடைக்காரன் சைகை கத்துக்கிட்டு வருவானா?"

ஒரு அப்பா கத்தினார். ஒரு அம்மா அழுதாள். எனக்கு இரண்டு டீச்சர் மேலும் கோபம் வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினேன். "அன்னிக்கும் மூளைனு சொன்னீங்க. இன்னிக்கும் மூளைன்றீங்க. படத்தப் பாக்க எனக்குப் படிப்பு பத்தாது. நான் பட்டறைல இருவது வருசமா கையாலதான் பேசறேன். என் மூளை சோம்பேறி ஆயிடுச்சுனு எந்த முதலாளியும் சொல்லல. எம்பொண்ணு மூணு நாள் வயிறு வலிக்குதுனு கையால சொல்லிச்சி. நான் அந்தக் கையப் புடிச்சிகினேன். பால், பந்து, பலூன்னு நீங்க கத்துக்குடுத்த ஆறையும் சொல்லிப் பாத்துது. வலிக்குதுன்றத எப்டிம்மா சொல்லணும்? அது எந்த மெஷின்ல கீது?"

பெரிய டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பதில் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். அவனுக்கும் காது கேட்காதாம். சின்ன வயதில் கையை ஆட்டிப் பேசினான் என்று தெருப்பிள்ளைகள் அவனைக் கல்லால் அடித்தார்களாம். ஒரு கண் போய்விட்டதாம். "இன்னொரு பிள்ளைக்கு அது நடக்கக் கூடாதுன்னுதான் நான் இந்த வேலைக்கே வந்தேன்," என்றார். அவர் அழவில்லை. வகுப்பு மைக்கை ஒயரிலிருந்து கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். நான் அவரை அடித்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த வெட்கம் என்னுள் இன்னும் இருக்கிறது.

அதற்கப்புறம் எல்லாம் உடனே மாறவில்லை. கடைசி பீரியட் மட்டும் வசந்தி டீச்சர் கையால் பாடம் நடத்த அனுமதி கிடைத்தது. பெரிய டீச்சர் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார் என்று நீயே பிறகு சொன்னாய். ஒரு நாளும் அவர் சைகை காட்டக் கையைத் தூக்கவில்லை, மறு வருஷம் ஓய்வு பெற்றுப் போனார். ஆனால் அந்த ஒரு பீரியடில் நீ கேட்ட கேள்விகளுக்கு வசந்தி டீச்சரால் பதில் சொல்லி மாளவில்லை. கடல் ஏன் உப்பு, சித்தி குழந்தை எங்கிருந்து வந்தது, செத்துப்போனவர்கள் எப்போது திரும்புவார்கள். எட்டு வருஷம் தேக்கி வைத்தவை. சைகையில் அர்த்தம் தெரிந்த பிறகுதான் எழுத்து உனக்குப் பிடிபட்டது. ஒரு வருஷத்தில் பஸ் போர்டு படித்தாய், இரண்டு வருஷத்தில் தினத்தாள். மெஷினையும் நான் திட்ட மாட்டேன். தெருவில் இருந்து நீ அம்மா என்று கூப்பிடும் குரலை உன் அம்மா எத்தனை கூச்சலிலும் கண்டுபிடிப்பாள். அது அந்தப் பலூன் கொடுத்தது.

நீ டீச்சராகும்போது இதைவிடப் பெரிய மெஷின்கள் வந்திருக்கும். இன்னும் தெளிவான மூளைப் படங்கள் வரும். அவற்றை நீ பெற்றோருக்குக் காட்டுவாய், அவர்களும் நான் நம்பியது போலவே நம்புவார்கள். படித்தவர்கள் சொல்வதை எங்களைப் போன்றவர்கள் பிள்ளையின் முகத்தைவிட அதிகமாக நம்பிவிடுவோம். அதனால் படத்தைக் காட்டுவதற்கு முன்னால் ஒன்று கேள். இந்தப் பிள்ளைக்கு வயிறு வலித்தால் வீட்டில் யாரிடம், எப்படிச் சொல்லும் என்று கேள். பதில் வரவில்லை என்றால் பாடத்தை அங்கிருந்து ஆரம்பி. வருகிற அப்பன் முரடனாக இருந்தாலும் வெளியே அனுப்பாதே. பயந்தவன்தான் கையை இறுக்கிப் பிடிப்பான்.

நான் சைகை கற்றுக்கொண்ட கதை உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷகீலா வீட்டு வாசலில், அவள் தம்பி தங்கைகள் சிரிக்கச் சிரிக்கக் கற்றேன். பட்டறையில் அடிபட்ட இரண்டு விரல் சரியாக மடங்காது. அதனால் நான் சொல்வது பாதி வேறு ஏதோ ஆகிவிடும். நீ பொறுமையாகத் திருத்துவாய். ஆனால் என்னோடு அதிகம் பேச மாட்டாய். கேட்டால் பதில், அவ்வளவுதான். நான் அதற்குத் தகுதியானவன்தான் என்று இருந்தேன்.

உனக்கு ஒன்பது வயது முடியும் சமயம். ஒரு மத்தியானம் நீ காது மெஷினைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டு வந்தாய். மாட்டு என்றேன். மாட்டேன் என்றாய். டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். உன் கை வேகமெடுத்தது. "பஸ்ஸுல சத்தம் மட்டும்தான் வருது. தல வலிக்குது. வகுப்புல போட்டுக்கிறேன், பஸ்ஸுல முடியாது. நீ ஒரு நாளாவது போட்டுப் பாத்தியா? பாக்காம எப்படிச் சொல்ற?" எனக்கு ஒரு இடத்தில் புரியாமல், மெதுவாகச் சொல் என்றேன். "மாட்டேன். நீ வேகமாக் கத்துக்கோ," என்றாய். தரையை உதைத்தாய். நான் தப்பு, டாக்டர் தப்பு, எல்லோரும் தப்பு என்றாய். நானும் விடாமல் என் மடங்காத விரல்களை வைத்துக்கொண்டு பதில் சொன்னேன். முதல் தடவையாக நாம் இரண்டு பேரும் சண்டை போட்டோம்.

அடுப்படியிலிருந்து உன் அம்மா கரண்டியோடு வந்தாள். "இன்னா அங்க?"

"சண்ட போட்றா," என்றேன். "நான் சொல்றது ஒண்ணியும் எட்த்துக்க மாட்டேன்றா. எதிர்த்துப் பேசிகினே கீறா."

அவள் கதவில் சாய்ந்து, உன் கைகளையும் என் கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். அந்த மருந்துச்சீட்டுக்கு அப்புறம் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான். "வுடுய்யா," என்றாள். "இன்னும் எவ்ளோ கீதோ, எல்லாத்தியும் சொல்லி முடிக்கட்டும்."

நீ சொல்லி முடிக்கும்போது சோறு ஆறிப்போயிருந்தது.

அப்பா